அம்மாவுக்கு என்ன புத்தகம் கொடுக்கலாம்?

கரிசல்காட்டுக்காரி:

எல்லோருக்கும் வணக்கம். ஒரு யோசனை கேட்டு எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் அம்மாவுக்கு 63 வயது. எட்டாம் வகுப்பு வரை படித்தவர். எங்கள் ஊர் கோவில்பட்டிப் பக்கம். கல்யாணத்துக்கு முன்னும் பின்னும் தீப்பெட்டி ஆபீசில்தான் வேலை. அந்தக் காலத்தில் வாரப் பத்திரிகை, ராணிமுத்து என்று கையில் கிடைத்ததையெல்லாம் வாசித்தவர். பலசரக்கு மடித்து வந்த காகிதத்தைக்கூடப் பிரித்து, படித்து முடித்துவிட்டுத்தான் அடுப்பில் போடுவார். நாங்கள் மூன்று பேர் பிறந்த பிறகு அந்தப் பழக்கம் நின்றுபோனது. பின்னால் கண்ணில் புரை விழுந்து, எழுத்தே மங்கிவிட்டது.

போன சித்திரையில் அப்பா தவறிவிட்டார். அம்மாவை என்னோடு கோயம்புத்தூருக்குக் கூட்டி வந்துவிட்டேன். இரண்டாவது கண்ணுக்கும் ஆபரேஷன் முடிந்து இரண்டு மாதம் ஆகிறது. கட்டுப் பிரித்த மறுநாள், தேதி காலண்டரில் ஒரு தாளைக் கிழித்து வந்து பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படித்துக் காட்டினார். "கருகருன்னு தெரியுதுடீ. படிக்க ஏதாச்சும் இருந்தா குடு" என்றார். அப்பா போன பிறகு அவராக வாய்திறந்து கேட்ட முதல் பொருள் அதுதான்.

எனக்கு உயிரான ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி'யை எடுத்துக் கொடுத்தேன். இந்தோனேசியாவின் மெடான் நகரத்துத் தெருவில் ஜப்பானியப் படை வருவதைச் சனங்கள் நின்று பார்க்கும் தொடக்கம். பத்துப் பக்கம் தாண்டவில்லை. "நல்லாத்தான் இருக்கு, ஊரு பேருதான் வாயில நுழையல" என்று மூடி, தலையணைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார். நான் வருத்தப்படுவேன் என்று திருப்பிக் கொடுக்கவும் இல்லை. ஒரு வாரமாக அப்படியே இருக்கிறது.

அவருக்கு என்ன கொடுக்கலாம்? உங்கள் வீட்டில் இப்படி யாருக்காவது கொடுத்த அனுபவம் இருந்தால் அதையும் சொல்லுங்கள்.


வைகைக்கரை:

தங்கச்சி, யோசிக்கவே வேண்டாம். 'பொன்னியின் செல்வன்' வாங்கிக் கொடுங்கள். ஆடிப்பெருக்கு அன்று வந்தியத்தேவன் வீரநாராயண ஏரிக்கரையில் குதிரையில் வருகிறான் பாருங்கள், அந்த இடத்திலிருந்து கதை கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகும்.

எங்கள் அம்மாவும் அதிகம் படித்தவர் இல்லை. 1950இலிருந்து 54 வரை கல்கியில் அது தொடராக வந்தபோது, வாராவாரம் அந்தப் பக்கங்களை மட்டும் பிரித்தெடுத்து, மொத்தமாகச் சேர்ந்ததும் சாக்கு ஊசியால் தைத்து, மேலே பழைய காலண்டர் அட்டை ஒட்டி பைண்டு செய்து வைத்திருந்தார். மணியம் வரைந்த படங்களோடு, பக்கத்தின் மறுபுறம் பாதியில் வெட்டுப்பட்ட விளம்பரங்களோடு இருக்கும் அது. நான் வாசிக்கக் கற்றதே அந்தப் பைண்டுப் புத்தகத்தில்தான். நடுவில் ஒரு வாரத்து இதழ் கிடைக்கவில்லை. அந்த அத்தியாயம் மட்டும் அம்மா வாயால் சொல்வார். பூங்குழலி படகை நிறுத்திவிட்டுத் துடுப்பை மடியில் வைத்து அழுவாள் என்பார். வேலைக்குப் போய் முதல் சம்பளத்தில் ஐந்து பாகமும் வாங்கி, ஓடிப்போய் அந்த அத்தியாயத்தைத்தான் முதலில் பிரித்தேன். அந்த இடத்தில் அப்படி ஓர் அழுகையே இல்லை. அம்மா தன் கையிலிருந்து போட்டது. எனக்கு இன்றைக்கும் அம்மாவின் அத்தியாயம்தான் மனதில் நிற்கிறது.

ஒரு விஷயம் கவனியுங்கள். கல்கியின் எழுத்துகள் 1999இல் நாட்டுடைமை ஆனபின் பல பதிப்பகங்கள் போட்டிருக்கின்றன. மலிவாகக் கிடைக்கும் சில பதிப்புகளில் எழுத்து எறும்பு ஊர்வது மாதிரி இருக்கும். புதுக்கண்ணுக்கு அது ஆகாது. கடையில் நடுப்பக்கத்தைப் பிரித்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள். ஐந்தும் ஒன்றாகக் கட்டிய ஒரே தொகுதி வேண்டவே வேண்டாம். படுத்துக்கொண்டு பிடித்தால் மணிக்கட்டு வலிக்கும்.


உப்புக்காற்று:

நான் தூத்துக்குடி. உங்கள் பதிவைப் படித்ததும் எங்கள் அம்மா ஞாபகம் வந்துவிட்டது, அதனால்தான் எழுதுகிறேன் அக்கா.

எங்கள் அம்மாவுக்கு எழுத்தே தெரியாது. முப்பது வருடத்துக்கு மேல் உப்பளத்தில் வேலை. கல்லூரியில் படிக்கும்போது நூலகத்திலிருந்து ராஜம் கிருஷ்ணனின் 'கரிப்பு மணிகள்' எடுத்து வந்தேன். எங்கள் ஊர் அளத்துச் சனங்களைப் பற்றிய நாவல். ராத்திரி நான் முணுமுணுத்து வாசிப்பதைக் கேட்டுவிட்டு, "சத்தமாப் படி" என்றார் அம்மா. அன்றிலிருந்து தினமும் சாப்பிட்ட பிறகு அரை மணி நேரம்.

உப்பை வாருகிற பலகைக்கு நாங்கள் சொல்லும் வாருபலகை என்ற சொல் வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார். "இதையெல்லாமா புத்தகத்துல போடுவாக?" என்று கேட்டார். தட்டுமேடு வந்தது, கணக்குப்பிள்ளை வந்தார், கங்காணி வந்தார். வேலை முடிந்து கரிப்புத் தண்ணீரின் எரிச்சலோடு வீட்டுக்கு வருகிற பெண்களைப் பற்றி வந்தபோது, அம்மா தன் பாதத்தைத் திருப்பி விளக்குக்கு நேரே வைத்துப் பார்த்தார். குதிகாலில் வெடிப்பு எப்போதும் இருக்கும், நாங்கள் பார்த்துப் பழகிவிட்டோம். அன்றைக்குத்தான் நானும் பார்த்தேன். "எழுதுன அம்மா பாத்தியில எறங்கியிருப்பாளா?" என்றார். அவர் ஒவ்வொரு நாவலுக்கும் அந்தந்த மக்களோடு போய்த் தங்கி, பேசிப் பழகிய பிறகு எழுதுகிறவர் என்று சொன்னேன். "அப்பச் சரி" என்றார். அந்த "அப்பச் சரி"யைவிடப் பெரிய விமர்சனம் அந்த நாவலுக்கு நான் எங்கும் வாசித்ததில்லை.

தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்த்தவருக்கு முதலில் அவர் மண்ணைக் கொடுங்கள். ராஜாக்கள் அப்புறம் வரட்டும். உங்கள் கையெட்டும் தூரத்தில் இடைசெவல் இருக்கிறதே. கி. ராஜநாராயணன், கு. அழகிரிசாமி இரண்டு பேருமே அந்த ஊர். நாவல் வேண்டாம், சிறுகதையில் தொடங்குங்கள். கி.ரா.வின் 'கதவு' கொடுத்துப் பாருங்கள். பத்து நிமிடத்தில் வாசித்து முடிக்கலாம். ஒன்றை முடித்துவிட்டோம் என்ற நிறைவு முக்கியம்.


திண்ணைவாசகர்:

எல்லோரும் சொல்வது நல்ல புத்தகங்கள்தான், மறுக்கவில்லை. ஆனால் ஒன்றை மறந்துவிட்டுப் பேசுகிறோம். அந்த அம்மா கணவரை இழந்து இன்னும் வருடம் திரும்பவில்லை. துக்கம் நடந்த வீட்டில் வறுமையும் சாவும் வருகிற கதையைக் கொடுக்காதீர்கள். 'கதவு' வேண்டாம், 'கரிப்பு மணிகள்' இப்போது வேண்டவே வேண்டாம்.

சொந்த அனுபவத்தில் சொல்கிறேன். என் தம்பி விபத்தில் போன மூன்றாவது மாதம், என் மேல் பிரியமான நண்பர் ஒருவர் ஒரு நாவல் கொடுத்தார். பெயர் வேண்டாம், புத்தகத்தின் மேல் குற்றமே இல்லை. அதில் ஓர் அண்ணன், தம்பியின் உடலை வாங்கிக்கொண்டு ஊருக்கு வருகிற இடம் இருந்தது. அந்தப் பக்கத்தோடு மூடியவன்தான், அப்புறம் மூன்று வருடம் எந்தக் கதையையும் தொடவில்லை. செய்தித்தாள் மட்டும் படிப்பேன். திரும்பி வாசிப்புக்கு வந்ததே என் மகளின் படப் புத்தகங்கள் வழியாகத்தான்.

சிரிக்க வைக்கிற ஏதாவது கொடுங்கள். தேவன் எழுதிய 'துப்பறியும் சாம்பு' கொடுக்கலாம். இல்லை, அவர் ஏற்கெனவே ராணிமுத்தில் படித்த கதை எதையாவது தேடிப் பிடித்துக் கொடுங்கள். தெரிந்த முடிவுள்ள கதையில் பயம் இல்லை.


மழைக்காகிதம்:

திண்ணைவாசகர் அண்ணா, உங்கள் தம்பிக்காக வருந்துகிறேன். நீங்கள் சொல்வது உங்களுக்கு உண்மை. ஆனால் எல்லோருக்கும் அதுவே பொருந்தும் என்று எனக்குத் தோன்றவில்லை.

நான் செவிலியர். புற்றுநோய்ப் பிரிவில் ஆறு வருடமாக இருக்கிறேன். இறந்தவர் வீட்டு ஆட்களிடம் எல்லோரும் செய்வது ஒன்றுதான், பேச்சை மாற்றுவார்கள். சாப்பிட்டீர்களா என்பார்கள், வெயில் அதிகம் என்பார்கள். போனவரைப் பற்றி மட்டும் யாரும் பேச மாட்டார்கள். அவர்களுக்கு அதைத்தான் பேச வேண்டியிருக்கும்.

என் மாமனார் போனபோது மாமியார் இரண்டு மாதம் சரியாகப் பேசவே இல்லை. நான் 'ஆரோக்கிய நிகேதனம்' வாசித்துக்கொண்டிருந்தேன். தாராசங்கர் பந்த்யோபாத்யாயவின் வங்க நாவல், தமிழில் த. நா. குமாரசுவாமி. ஜீவன் மஷாய் என்ற பழைய நாட்டு வைத்தியர். நாடி பிடித்தால் சாவு எப்போது வரும் என்று அவர் விரலுக்குத் தெரிந்துவிடும். பெற்ற மகனுக்கும் அப்படித் தெரிந்துவிடுகிறது, சொல்லியும்விடுகிறார். அவர் மனைவி அதைக் கடைசிவரை மன்னிப்பதில்லை. ஊருக்குப் புதிதாக வந்த இளம் டாக்டருக்கு அவர் மேல் கோபம்: நோயாளியிடம் சாவைப் பற்றிப் பேச இவர் யார் என்று.

புத்தகத்தை ஊஞ்சலில் விட்டுவிட்டு நைட் டியூட்டிக்குப் போனேன். காலையில் வந்தால் மாமியார் கையில் இருக்கிறது, நூறு பக்கம் தாண்டிவிட்டார். நான்காவது நாள் என்னைக் கூப்பிட்டு, "அவருக்கும் முன்னாடியே தெரிஞ்சிருக்கும். பீரோ சாவி எங்கே இருக்குன்னு முந்தின வாரம் ரெண்டு தரம் சொன்னார்" என்றார். இரண்டு மாதத்தில் மாமனாரைப் பற்றி அவர் சொன்ன முதல் வாக்கியம். அன்று மதியம் முழுக்கப் பேசினார். நான் தூங்கவில்லை, கேட்டுக்கொண்டே இருந்தேன்.

நான் அதை அவர் கையில் திணிக்கவில்லை, கண்ணில் படுகிற இடத்தில் இருந்தது, அவ்வளவுதான். அண்ணாவுக்கு நண்பர் நேரே நீட்டியிருக்கிறார். வித்தியாசம் அங்கே இருக்குமோ என்று நினைக்கிறேன்.


திண்ணைவாசகர்:

இருக்கலாம் அம்மா. அவர் நீட்டியபோது, படித்துவிட்டு என்ன நினைக்கிறேன் என்று சொல்லும்படியும் கேட்டார். வாங்கிய பிறகு படிக்காமல் இருக்கவும் முடியவில்லை. நீங்கள் சொன்ன பிறகுதான் அது உறைக்கிறது.

இருந்தாலும் கரிசல்காட்டுக்காரியிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். எதைக் கொடுத்தாலும், அதில் என்ன நடக்கும் என்று முன்னாலேயே ஒரு வரி சொல்லிவிடுங்கள்.


பனங்கூடல்:

அக்கா, நான் ரொறொன்ரோவில் இருந்து எழுதுறன். எங்கட ஐயாவுக்கு இப்ப 80 வயது, யாழ்ப்பாணத்தில் ஆசிரியராக இருந்தவர். யாழ் பொது நூலகத்தில் அவர் எடுத்த உறுப்பினர் அட்டை இன்னும் அவருடைய பெட்டிக்குள் கிடக்கு. 1981இல் நூலகம் எரிந்த பிறகு, கிட்டத்தட்ட 97,000 புத்தகம் சாம்பலான பிறகு, அந்த அட்டைக்கு வேலை இல்லைதானே. எறிய அவருக்கு மனமில்லை. கடைசியாக எடுத்த புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்து நாலு நாளில் நூலகம் எரிந்தது எண்டு சொல்லுவார். கொடுக்காமல் விட்டிருந்தால் அந்த ஒன்றாவது மிஞ்சியிருக்கும் எண்டு இப்பவும் கவலைப்படுவார்.

இங்க வந்த பிறகு ஐயாவுக்கு நீளமான புத்தகம் ஒண்டும் ஓடவில்லை. அரை மணித்தியாலத்துக்கு மேல் இருந்து வாசிக்கக் கழுத்து விடாது. அப்பதான் அ. முத்துலிங்கத்தின் 'உண்மை கலந்த நாட்குறிப்புகள்' கொடுத்தன். நாவல்தான், ஆனால் ஒவ்வொரு அத்தியாயத்தையும் தனிக் கதையாக வாசிக்கலாம். எங்க திறந்தாலும் தொடங்கலாம், எங்க மூடினாலும் குறை இல்லை. கொக்குவிலில் தொடங்கி ஆப்பிரிக்கா, கனடா எண்டு போகும். ஐயா ஒரு நாளைக்கு ஒரு அத்தியாயம், தேநீரோட.

அச்சில் கிடைக்காததுகளுக்கு இணைய நூலகங்கள் இருக்கு. ஈழத்துப் புத்தகங்களுக்கு நூலகம் தளம், பழைய இலக்கியங்களுக்கு மதுரைத் திட்டம். டாப்லெட்டில் எழுத்தை வேண்டிய அளவு பெருப்பிக்கலாம். எழுத்துப் பெரிதாகும்போது ஐயாவின் முகத்தில் வாற சந்தோசத்தைப் பார்க்க வேணும்.


சுண்ணக்கட்டி:

அரசுப் பள்ளியில் ஏழாம் வகுப்பு ஆசிரியை நான். பெரியவர்களுக்கான யோசனை என்னிடம் அதிகம் இல்லை. ஆனால் 'கதவு' பேச்சு வந்ததால், கூடவே அழகிரிசாமியின் 'அன்பளிப்பு' கதையையும் சேர்த்துக் கொடுங்கள் என்று சொல்ல வந்தேன். 1970இல் சாகித்ய அகாதெமி விருது பெற்ற தொகுப்புக்கும் அதுதான் தலைப்பு.

அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் எல்லாம் புத்தகத்துக்காக ஒருவர் வீட்டுக்கு ஓடி வருவார்கள். அவர் இரண்டு பிள்ளைகளுக்கு டைரி வாங்கி வந்து கொடுக்கிறார். சாரங்கன் என்ற பையனுக்கு இல்லை. அப்புறம் சாரங்கன் அவரைத் தன் வீட்டுக்கு வரச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருப்பான். எதற்கு என்பது கடைசியில் தெரியும். வகுப்பில் இதை வாசித்துக் காட்டிய அன்று கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பையன் எழுந்து வந்து, "டீச்சர், போன வருசம் பேனா குடுத்தப்ப எனக்கு வரல" என்றான். ஆண்டு விழாவில் பேனா கொடுத்தது நான்தான். எண்ணிக்கை ஒன்று குறைந்திருக்கிறது, எனக்குத் தெரியவே இல்லை. அவன் பத்து மாதம் மனசில் வைத்திருந்திருக்கிறான். மறுநாள் பேனா வாங்கிக் கொடுத்தேன், பேர் எழுதித் தரச் சொன்னான்.

திண்ணைவாசகர் ஐயாவின் யோசனை நல்லது. வகுப்பிலும் அப்படித்தான் செய்வேன். வீட்டில் துக்கம் நடந்த பிள்ளை இருந்தால் முதல் நாளே தனியாகக் கூப்பிட்டுக் கதையைச் சொல்லிவிடுவேன்.


கரிசல்காட்டுக்காரி:

எல்லோருக்கும் நன்றி. உடனே பதில் எழுதாததற்கு மன்னிக்கவும். மூன்று வாரம் ஆகிவிட்டது. நடந்ததைச் சொல்கிறேன்.

வைகைக்கரை அண்ணன் சொன்ன பொன்னியின் செல்வனை அம்மா முன்னமே படித்திருக்கிறார். கல்கியில் மறுபடி தொடராக வந்தபோது பக்கத்து வீட்டு அக்கா வாங்குவாராம். "அதுல குந்தவைய எனக்குப் புடிக்கும், காரியக்காரி" என்றார். இப்போது வேண்டாம் என்றுவிட்டார்.

'கதவு' கதையை ஏ4 தாளில் பெரிய எழுத்தில் அச்செடுத்தேன். தீர்வை பாக்கிக்காக வீட்டுக் கதவைக் கழற்றிக்கொண்டு போகிற கதை என்று முன்னாலேயே சொன்னேன். "சரி குடு" என்றார். நான் கீரை ஆய்ந்துகொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அம்மா வாய்விட்டுத்தான் வாசிப்பார், இத்தனை வருடம் கழித்தும் அது மாறவில்லை.

கதையில் லட்சுமி ஒரு தீப்பெட்டிப் படத்தைக் கொண்டுவந்து கதவில் ஒட்டுகிற இடம் வரும். பிள்ளைகளுக்கு அது பெரிய சொத்து. நான் பலமுறை வாசித்திருக்கிறேன், ஒரு தடவைகூட அங்கே நின்றதில்லை. அம்மா விரலை அந்த வரியில் வைத்து நிறுத்திவிட்டார். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "இந்தப் படத்த எங்க அம்மா ஒட்டியிருப்பா" என்றார்.

பாட்டியும் தீப்பெட்டி ஆபீஸ்தான் என்று தெரியும். ஆனால் வீட்டுக்கே கொண்டுவந்து பெட்டி ஒட்டியது, ராத்திரி சிம்னி விளக்கில் அம்மாவும் சித்தியும் கூட உட்கார்ந்து படம் ஒட்டியது எல்லாம் எனக்குத் தெரியாது. 144 பெட்டி சேர்ந்தால் ஒரு குரோசு. பசையில் மயில்துத்தம் கலந்திருப்பார்கள், பூச்சி அரிக்காமல் இருக்க. பிள்ளைகள் பசியில் வழித்துத் தின்றுவிடக் கூடாது என்பதும் ஒரு காரணம் என்றார் அம்மா. கோணலாக ஒட்டினால் கணக்கில் கழிப்பார்களாம். அம்மா கட்டைவிரலால் படத்தின் ஓரத்தை நீவுகிற மாதிரி அந்தத் தாளின் ஓரத்தை நீவிக்கொண்டே சொன்னார். அந்த விரல் நாற்பது வருடமாக அதை மறக்கவில்லை.

தலையாரி கதவைத் தூக்கிக்கொண்டு போகிற இடத்தில் நான் பயந்தேன். அம்மா அழவில்லை. "எங்க வீட்ல அண்டா, குத்துப்போணி எல்லாம் தூக்கிட்டுப் போனாங்க. கதவு மட்டும் மிஞ்சுச்சு" என்றார். வட்டிக்கு வாங்கிய இடத்திலிருந்து வந்தார்களாம். அப்பா அன்றைக்குத் தெருவில் நின்று ஒரு வார்த்தை பேசவில்லையாம். ராத்திரி வந்து, "புதுசு வாங்கித் தாரேன்" என்று மட்டும் சொன்னாராம். வாங்கித் தந்தாரா என்று கேட்டேன். "நீ சோறு வடிக்கிற அண்டா அதுதான்" என்றார்.

அதற்குப் பிறகுதான் அழுதார். மயிலும் ஆடும் வண்டியும் வைத்த பழைய தீப்பெட்டிகளின் பெயரையெல்லாம் சொல்லிச் சொல்லி அழுதார், சிரிக்கவும் செய்தார். திண்ணைவாசகர் அண்ணா, உங்கள் எச்சரிக்கை எனக்கு உதவியது. முன்னால் சொல்லி வைத்ததால்தான் நான் பயந்த இடத்தில் அவர் பயப்படவில்லை.

மறுநாள் 'அன்பளிப்பு'. "அந்தப் பையன் வீட்டுக்குக் கூப்புடும்போதே எனக்குத் தெரிஞ்சுபோச்சு" என்றார். அவர் மூன்று பிள்ளை பெற்றவர்.

அப்புறம் 'கரிப்பு மணிகள்'. ராஜம் கிருஷ்ணனின் நூல்கள் நாட்டுடைமை ஆனவை என்பதால் இணையத்திலேயே கிடைத்தது. டாப்லெட்டில் எழுத்தைப் பெரிதாக்கிக் கொடுத்தேன். பதினோரு நாளில் முடித்துவிட்டார். பொன்னாச்சிக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று சாப்பாட்டை நிறுத்திவிட்டுப் படித்தார். நான் ஆபீசிலிருந்து வந்ததும் வாசலிலேயே கதை சொல்வார், நான் படித்ததே இல்லை என்பது போல.

'ஆரோக்கிய நிகேதன'த்தை வாங்கி அலமாரியில், கண்ணுக்கு நேரே வைத்திருக்கிறேன். என்ன கதை என்று கேட்டார், சொன்னேன். கையில் எடுத்துப் பின் அட்டையை வாசித்துவிட்டு, "இருக்கட்டும். நானே எடுத்துக்கிறேன்" என்று இருந்த இடத்திலேயே வைத்துவிட்டார். நானும் அப்புறம் கேட்கவில்லை.


வைகைக்கரை:

தங்கச்சி, குந்தவையைக் காரியக்காரி என்று சொன்ன அம்மாவுக்கு என் வணக்கம். அடுத்து அசோகமித்திரனின் 'தண்ணீர்' கொடுங்கள். சின்ன நாவல். சென்னைத் தெருவில் குடத்தோடு அலைகிற பெண்களின் கதை. அதில் டீச்சரம்மா ஜமுனாவிடம் தன் வாழ்க்கையைச் சொல்கிற இடம் ஒன்று உண்டு. ஆறுதல் என்ற பேச்சே இல்லாமல் ஒரு பெண் இன்னொரு பெண்ணைக் கைதூக்கி விடுகிற இடம். உங்கள் அம்மா அங்கே என்ன சொல்கிறார் என்று தெரிந்துகொள்ள ஆசையாக இருக்கிறது.

கிளை நூலகத்தில் அவர் பெயரிலேயே உறுப்பினர் ஆக்கிவிடுங்கள். தன் பெயர் எழுதிய அட்டை ஒன்று இருக்கட்டும்.


திண்ணைவாசகர்:

படித்தேன். இரண்டு தடவை படித்தேன். தம்பி இறந்து இந்த ஆவணியோடு ஒன்பது வருடம். அந்த நாவல் இன்னும் என் அலமாரியில்தான் இருக்கிறது. அதை எடுத்து வெளியே மேசையில் வைத்திருக்கிறேன். பார்ப்போம்.


கரிசல்காட்டுக்காரி:

அட்டை வாங்கியாயிற்று அண்ணே. கையெழுத்துப் போடும்போது மூன்று தரம் எழுதிப் பார்த்துவிட்டுப் போட்டார். முதலில் எடுத்தது சமையல் புத்தகமும் 'கோபல்ல கிராம'மும். ஊர்க்காரர் எழுதியது என்று நூலகரிடம் சொல்லிவிட்டுத்தான் வந்தார்.

இன்னொன்று. உப்புக்காற்று தம்பி, உங்கள் பதிவை அம்மாவுக்கு வாசித்துக் காட்டியிருந்தேன். இரண்டு நாளாகக் கேட்டுக்கொண்டே இருக்கிறார். "அந்த அம்மா வெயில்ல உப்பு வெள்ளையப் பாத்துப் பாத்துக் கண்ணு போயிருக்குமே, ஆபரேஷன் பண்ணியாச்சா? காலு வெடிப்பு ஆறிருச்சா? கேட்டு எழுது" என்கிறார்.


உப்புக்காற்று:

அம்மாவிடம் சொல்லுங்கள் அக்கா. ஒரு கண் ஆகிவிட்டது, இன்னொன்று தை கழிந்து. கால் வெடிப்பு இருக்கத்தான் செய்கிறது, ராத்திரி தேங்காய் எண்ணெய் தடவி விடுகிறேன். உங்கள் அம்மா கேட்டதாகச் சொன்னதும் எங்கள் அம்மா கேட்ட முதல் கேள்வி: "பொன்னாச்சி கத முழுசையும் அவுகளே கண்ணால படிச்சாகளா?" ஆமாம் என்றேன்.

நேற்று ராத்திரி அச்சுத்தாளில் 'அ' எழுதிக் கேட்டார். எழுதிக் கொடுத்திருக்கிறேன்.